நமக்கு உரியது - 7: மலையேறாத பணம்

"அண்ணா, பி.எஃப். பணம் குறைச்சலா வந்திருக்கு. கம்பெனியில எடுத்துக்கிட்டாங்களா?"

கச்சிராயபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். 2025 ஆகஸ்ட் மாதம். கேட்டவர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமத்துத் தம்பி. திருப்பூரில் மூன்று வருடம் தையல் வேலை பார்த்தார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவே, வேலையை விட்டுவிட்டு மரவள்ளிக் காட்டைப் பார்க்க ஊருக்கு வந்துவிட்டார். பிப்ரவரியில் பி.எஃப். எடுத்திருக்கிறார். வரவேண்டியது 62,000 ரூபாய்; பாஸ்புக்கில் விழுந்தது 55,800.

வருமான வரி இணையதளத்தில் அவருடைய பான் எண்ணைப் போட்டு, அவர் பேரில் யார் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தோம். ஒரே ஒரு பதிவுதான் இருந்தது: கொடுத்தது 62,000, பிடித்தது 6,200. "கம்பெனி எடுக்கலப்பா. உன் பேர்ல வருமான வரியா கட்டியிருக்கு" என்றதும் அவர் பயந்துவிட்டார். "நான் வரி கட்டற ஆளா அண்ணா?"

இல்லை. அதனால்தான் அந்தப் பணம் அவருக்குத் திரும்ப வரவேண்டும்.

ஐந்து வருடம் முடியுமுன் எடுக்கும் பி.எஃப். தொகை 50,000 ரூபாயை எட்டினால் 10 சதவீதத்தை டி.டி.எஸ். என்று, பணம் தரும்போதே வரியாகப் பிடிப்பார்கள். பான் இல்லையென்றால் 20 சதவீதம். ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருப்பவர், பணம் கேட்கும்போதே, வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15ஜி படிவம் கொடுத்திருந்தால் ஒரு ரூபாயும் பிடித்திருக்க மாட்டார்கள். உடல்நலக் குறைவால் வேலை போனாலோ, கம்பெனியையே மூடிவிட்டாலோ இந்தப் பிடித்தமே கிடையாது. கம்பெனி மாறுகிறவர்கள் பழைய பி.எஃப். கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொண்டால் இரண்டு இடத்துச் சர்வீஸும் சேர்ந்து ஐந்து வருடக் கணக்கில் வரும். இதையெல்லாம் வேலையை விடும் நாளில் இந்தத் தம்பி மாதிரிப் பிள்ளைகளிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு ஆள் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களுக்கென 1975 முதல் ஒரு வரிச் சலுகை இருக்கிறது. கட்டிய வரியைவிடக் கூடுதலாகவே அரசு கையில் தரும். தகுதியுள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் அங்கேயும் அதைக் கேட்பதில்லை. அதனால் தன்னார்வலர்கள் உட்கார்ந்து இலவசமாகப் படிவம் நிரப்பித் தரும் முகாம்கள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. நம் நாட்டில் அப்படிக் கூடுதலாகத் தரும் வரிச் சலுகை இல்லை. அந்தத் தம்பி கேட்பது அரசின் பணத்தை அல்ல, அவர் தைத்துச் சம்பாதித்த காசை.

அதைத் திரும்பக் கேட்டு வருமான வரி ரிட்டர்ன் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாள்கணக்கில் இழுத்தடித்தது ஓ.டி.பி.தான். ஆதாரில் இருந்த செல் நம்பர் திருப்பூரில் வாங்கியது, ரீசார்ஜ் போடாமல் செத்துப்போன சிம். புது நம்பரை ஆதாரில் ஏற்றி, அது பதிவாகும்வரை காத்திருந்து, மறுபடி மலையிறங்கி வந்தார். ஒவ்வொரு தடவைக்கும் பஸ் காசோடு ஒரு நாள் கூலியும் போயிற்று. ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் அந்த ஓ.டி.பி.யை வைத்து இ-வெரிஃபை செய்துவிட வேண்டும். தாண்டினால் வெரிஃபை செய்த நாள்தான் ரிட்டர்ன் போட்ட நாளாகக் கணக்காகும்; வெரிஃபை செய்யவே இல்லையென்றால் போட்டது செல்லாது. பான், ஆதாருடன் இணையாமல் முடங்கிக் கிடந்தால் ரீஃபண்ட் வராது. அதை உயிர்ப்பிக்க 1,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். பான் கார்டே இல்லாதவர்களுக்கு ஆதாரை வைத்து இணையதளத்திலேயே இலவசமாக இ-பான் கிடைக்கும்.

இந்த வேலைக்கு ரீஃபண்ட் தொகையில் பாதியைக் கேட்கும் ஆட்களும் இருக்கிறார்கள். கூலி வாங்கட்டும், தப்பில்லை. பாதி என்பது கொள்ளை.

இதே கணக்கு கரும்பு வெட்டும் கூட்டத்துக்கும் பொருந்தும். மொத்த பில்லும் மேஸ்திரி கணக்கில் வந்தால் ஒரு சதவீதம் அவருடைய பான் எண்ணில்தான் பிடிபடும். அது ரீஃபண்டாகத் திரும்பும்போது, வெயிலில் நின்று வெட்டிய ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு. மேஸ்திரிகள் இதை மறக்கக் கூடாது.

2024-25 நிதியாண்டுக்கான ரிட்டர்னைப் போட 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் இருந்தது. வரி வரம்புக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தாமதக் கட்டணம் கிடையாது. அதைத் தவறவிட்டவர்களும், அதற்கு முந்தைய வருடங்களில் விட்டுப்போனவர்களும், தாமதத்துக்குக் காரணம் சொல்லி வருமான வரி ஆணையருக்கு மனுப் போட்டுக் கேட்கலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடம் வரை அந்த வழி திறந்திருக்கிறது என்று 2024 அக்டோபர் 1 தேதியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது.

உங்கள் வீட்டில் திருப்பூருக்கோ ஓசூருக்கோ போய்த் திரும்பிய பிள்ளை இருந்தால், பி.எஃப். எடுத்தபோது எவ்வளவு பிடித்தார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள். மலையில் ஆசிரியராக, செவிலியராக, அஞ்சல்காரராக இருப்பவர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் போனில் அவர்களுடைய 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து காட்டுங்கள்.