ராட்சதச் சிப்பி ஒளியை உண்பது எப்படி?

இலட்சத்தீவின் பவளத்திட்டுகளில் வாழும் டிரைடாக்னா மாக்சிமா என்னும் ராட்சதச் சிப்பி, நீரை வடிகட்டி நுண்மிதவை உயிர்களை உண்பதோடு நில்லாமல், ஓட்டின் விளிம்பில் விரித்து வைக்கும் மேலுறை என்ற சதைமடிப்பில் சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச்செல் பாசிகளைக் குடிவைத்து, அவை ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் சர்க்கரையிலிருந்தே தன் ஆற்றலில் பெரும்பங்கைப் பெறுகிறது. பவளத்தில் இப்பாசிகள் செல்லுக்குள் தங்க, சிப்பியிலோ இரைப்பையிலிருந்து மேலுறைக்குக் கிளைத்துச் செல்லும் நுண்குழாய்களில் தங்குகின்றன. மேலுறையின் நீலமும் பச்சையும் வெறும் அழகல்ல. இரிடோசைட் என்னும் ஒளிதெறிக்கும் செல்கள், பாசிக்குப் பயன்படும் ஒளியைத் திசுவின் ஆழத்துக்குச் சிதறடித்து, பயன்படாததைத் திருப்பி அனுப்புவதால் தோன்றும் நிறங்கள் அவை.

ஆகவே, வெளிநாடுகளில் பண்ணையில் பொரித்த சிப்பிகளை வளர்க்கும் வீட்டுத் தொட்டிகளில் வலுவான விளக்கே முதல் உணவாகிறது. மீன்கழிவிலுள்ள அம்மோனியா பாசிக்கு உரமாவதால், நீரை அளவுமீறித் தூய்மையாக்குவது சிப்பியைப் பட்டினி போடுவதேயாகும். ஓடு வளர, லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியமும் தேவை.

சித்தூர், தேவிகுளம் போன்ற கடலில்லாப் பகுதிகளில் செயற்கை உப்பைக் கரைத்துப் பவளத்தொட்டி அமைப்போருக்கு இவ்வுயிர் உரியதன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்ட இதனைப் பிடிப்பது குற்றம்; அது முற்றிலும் நியாயமே, ஏனெனில் பாறையில் பதிந்த சிப்பியைப் பெயர்க்கும்போது, அதனைப் பாறையோடு பிணைக்கும் நார்களைச் சுரக்கும் உறுப்பு கிழிந்து, சிப்பி பெரும்பாலும் இறக்க நேரிடுகிறது.