பாட்டியின் பெயர் தெரியுமா?

கணவரின் வேலை காரணமாக, இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில் வசிக்கிறோம். பக்கத்து வீட்டில், எழுபது வயது பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். அவர் பிறந்த வீட்டின் குடும்பப் பெயர், லட்லோ.

ஒருநாள், 'எங்க முன்னோர் கட்டின வீடா இருக்கலாம், பார்க்க வர்றியா?' என்று, என்னையும், என் மகளையும், ஷ்ராப்ஷயரில் உள்ள ஸ்டோக்சே கோட்டைக்கு அழைத்துப் போனார்.

பெயர்தான் கோட்டை, கட்டியவர் ராஜா இல்லை. லட்லோ ஊரைச் சேர்ந்த லாரன்ஸ் என்ற கம்பளி வியாபாரி. 1291ல், மன்னர் முதலாம் எட்வர்டிடம், வீட்டுக்கு கோட்டை போல அரண் அமைக்க அனுமதி வாங்கியிருக்கிறார். 1294ல், கம்பளி ஏற்றிப் போன கப்பல் மூழ்கி, இறந்து விட்டார். எழுநூறு ஆண்டு கடந்தும், கூடத்தின் மரக்கூரை அப்படியே நிற்கிறது. கூடத்தின் நடுவே, தரையிலேயே அடுப்பு. புகை பட்டு, உத்தரமெல்லாம் கறுத்திருக்கிறது. மாடி அறையிலிருந்து கூடத்தை எட்டிப் பார்க்க, சுவரில் சின்ன துவாரங்கள் வேறு! பாட்டி, சுவரைத் தொட்டுப் பார்த்து கண் கலங்கினார்.

திரும்பும் வழியில், 'நிஜமாவே உங்க வம்சம்தானா பாட்டி?' என்றேன்.

சிரித்தபடி, 'லட்லோங்கறது ஊர் பேரு. அந்த ஊரிலிருந்து பிழைக்கப் போன யாருக்கும் அந்தப் பேரு ஒட்டியிருக்கலாம். பேரை மட்டும் வெச்சு சொந்தம் கொண்டாட முடியாது. அதனால, என் அப்பா, தாத்தான்னு ஒவ்வொரு படியா பின்னாடி தேடிட்டுப் போறேன்...' என்றார்.

இங்கு, 1841லிருந்து மக்கள்தொகை கணக்கெடுப்பில் ஒவ்வொருவர் பெயரும் உண்டாம். அதற்கு முன், 1538ல் ஆரம்பித்த சர்ச் பதிவேடுகள். அதற்கும் முன்னால் போவது, சாதாரண குடும்பங்களுக்கு ரொம்ப கஷ்டமாம்.

'இன்னொரு சிக்கலும் இருக்கு. 15ம் நூற்றாண்டு கடைசியில, லட்லோ குடும்பத்துப் பொண்ணு கல்யாணம் பண்ணிப் போனதால, அந்த வீடு வெர்னான் குடும்பத்துக்குப் போயிடுச்சு. ரத்தம் அதேதான்; பேரு மாறிடுச்சு. பொண்ணு வழியில தேடறது எப்பவுமே கஷ்டம்...' என்றார்.

அப்போது என் மகள், 'அம்மா... உன் அம்மாவோட பாட்டி பேரு என்ன?' என்று கேட்டாளே பார்க்கலாம்! எனக்குத் தெரியவில்லை. அப்பா வழியில், ஐந்து தலைமுறை ஆண்கள் பெயரை ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, வெட்கமாகப் போய்விட்டது.

அன்றிரவே, ஊரிலிருக்கும் அம்மாவுக்கு போன் செய்தேன். 'ஆத்தான்னுதான் கூப்பிடுவோம். பேரை யாருடி கேட்டா?' என்றவர், இரண்டு நாள் கழித்து, அவரே கூப்பிட்டார். பரணில் கிடந்த பழைய பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தபோது, விளிம்பில் ஒரு பெண் பெயர் வெட்டியிருந்ததாம். அது ஆத்தாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த சீர் என்றும், பெயர் அவருடையதுதான் என்றும், பெரியம்மாவும் உறுதி செய்தார். சொல்லும்போதே அம்மாவுக்குக் குரல் உடைந்தது.

சகோதரிகளே... உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே, பாட்டி, பூட்டி பெயர்களையும், பிறந்த ஊரையும் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய பாத்திரத்தை எடைக்குப் போடும் முன், விளிம்பில் எழுத்து இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்!

- ஒரு வாசகி, பர்மிங்ஹாம்.