பிளேட்லெட் மட்டும்தானா இரத்தம்?

காய்ச்சல் மூன்று நாளாகியும் தணியவில்லை என்றால் மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார். மாலையில் சோதனைக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வரும். அதைக் கையில் வாங்கியதும் வீட்டார் அனைவரின் கண்ணும் ஒரே வரியைத்தான் தேடும்: 'பிளேட்லெட்' எவ்வளவு? 2012, 2017 ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் டெங்குக் காய்ச்சல் பரவலாகக் கண்ட பிறகு, எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயிலும் இந்தச் சொல் வழங்கலாயிற்று. ஆனால் அச்சீட்டில் வேறு வரிகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று டெங்குவைப் பொறுத்தவரை பிளேட்லெட் எண்ணிக்கையைவிட முக்கியமானது. அது எது என்று அறிய, இரத்தம் எவற்றால் ஆனது என்பதை முதலில் பார்ப்போம்.

உங்களிடமிருந்து எடுத்த இரத்தத்தை, உறையாமல் தடுக்கும் மருந்து கலந்த குழாயில் இட்டு, இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றுவதாக வைத்துக்கொள்வோம். கலங்கிய ஆற்று நீரைக் குடத்தில் தெளியவைத்தால் மண் அடியில் தங்குவதுபோல, இரத்தமும் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். அடியில் கருஞ்சிவப்பு; அதன்மேல் மெல்லிய வெண்ணிற ஏடு; அதற்கும் மேலே தெளிந்த இளமஞ்சள் திரவம்.

அடியில் தங்கியவை சிவப்பணுக்கள். நூறு பங்கு இரத்தத்தில் இவை ஏறத்தாழ 45 பங்கு. இந்த அளவைத்தான் சீட்டில் 'பி.சி.வி.' அல்லது 'ஹீமட்டோகிரிட்' என்று குறிக்கிறார்கள். இவ்வரியை மறந்துவிடாதீர்கள்; மீண்டும் இதற்கு வருவோம்.

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஆண்களுக்குச் சுமார் 50 இலட்சம், பெண்களுக்குச் சுமார் 45 இலட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. இவற்றினுள் நிறைந்திருக்கும் ஹீமோகுளோபின் என்னும் இரும்புச்சத்துள்ள புரதம், நுரையீரலில் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு உடலெங்கும் கொண்டு சேர்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சுமைக்கு இடம் வேண்டி, சிவப்பணு தன் உட்கருவையே துறந்துவிடுகிறது. அதனால் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள அதற்கு வழியில்லை. சுமார் 120 நாளில் ஆயுள் முடிகிறது. ஈடுகட்ட, எலும்பு மஜ்ஜை வினாடிக்கு ஏறக்குறைய 20 இலட்சம் புதிய சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. நீங்கள் இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் எத்தனை பிறந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்!

நடுவிலுள்ள வெண்ணிற ஏட்டில் வெள்ளையணுக்களும் பிளேட்லெட் எனப்படும் இரத்தத் தட்டுகளும் இருக்கின்றன. வெள்ளையணுக்கள் நோய்க்கிருமிகளோடு போரிடுபவை. கன மில்லிமீட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கும். சீழ்க்கட்டி போன்ற பாக்டீரியாத் தொற்றுகளில் இவை பெருகும்; டெங்குவிலோ பெரும்பாலும் குறையும்.

இரத்தத் தட்டுகள் முழுமையான அணுக்கள் அல்ல. எலும்பு மஜ்ஜையிலுள்ள பெரிய அணுக்களிலிருந்து உதிரும் துணுக்குகள். கன மில்லிமீட்டருக்கு ஒன்றரை இலட்சம் முதல் நான்கு இலட்சம் வரை இருக்கும். ஆயுள் பத்து நாளுக்குள்தான். இரத்தக் குழாயில் காயம் ஏற்பட்டால் இவை அங்கே திரண்டு ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கின்றன. இத்தாலிய மருத்துவர் பிஸோஸெரோ, உயிருள்ள விலங்கின் நுண்ணிய இரத்தக் குழாயில் இது நடப்பதை உருப்பெருக்கியால் கண்டு, 1882 இல் விளக்கினார்.

இனி மேலே நின்ற இளமஞ்சள் திரவம். பிளாஸ்மா என்பது இதுவே. இதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீர்தானே என்று அலட்சியம் வேண்டாம். உணவுச் சத்துகளையும் ஹார்மோன்களையும் கழிவுகளையும் சுமந்து செல்வது இது. இரத்தத் தட்டுகள் இட்ட அடைப்பின்மேல் வலைபோலப் பின்னிக்கொள்ளும் ஃபைப்ரின் இழைகளும் இதிலுள்ள ஒரு புரதத்திலிருந்தே உருவாகின்றன. ஆல்புமின் என்ற மற்றொரு புரதம், நீர் குழாய்களைவிட்டு வெளியேறிவிடாமல் இழுத்துப் பிடித்து வைக்கிறது.

டெங்கு தாக்குவது இந்த இடத்தில்தான். நோய் கடுமையாகும்போது நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து, ஆல்புமினும் நீரும் மார்பறையிலும் வயிற்றறையிலும் கசிந்துவிடுகின்றன. சிவப்பணுக்களோ உள்ளேயே தங்கிவிடுகின்றன. குழம்பு சுண்டினால் கெட்டியாகிறதல்லவா, அதுபோல இரத்தம் செறிவடைகிறது, பி.சி.வி. ஏறுகிறது. முன்பு 40 ஆக இருந்தது 48 ஆனால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடினால், பிளாஸ்மா கசிகிறது என்று மருத்துவர் உணர்வார். கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம் வீழ்ந்து, உயிருக்கே ஆபத்தாகும்.

இதில் ஒரு வஞ்சனையும் உண்டு. இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடும் வேளையில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே நேருகிறது. உடம்பு குளிர்ந்துவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரம் அது! அப்போது கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, சோர்ந்து கிடத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் மாத்திரைகளைத் தொடவே கூடாது. அவை இரத்தத் தட்டுகளின் வேலையைக் கெடுப்பவை.

அப்படியானால் பிளேட்லெட் ஏற்ற வேண்டாமா? இரத்தப்போக்கு இருந்தாலோ, எண்ணிக்கை 10,000 க்கும் கீழே போனாலோ மருத்துவர் ஏற்றக்கூடும். எண்ணிக்கை 50,000 ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் உறவினர் நள்ளிரவில் இரத்த வங்கிகளைத் தேடி அலைவது வீண் அலைச்சல். ஏற்றும் தட்டுகளும் நோய் தணியும்வரை விரைவில் அழிந்துவிடுகின்றன. முதன்மையான சிகிச்சை, பி.சி.வி.யை அடிக்கடி பார்த்து, வாய்வழியாகவோ நரம்பின் வழியாகவோ திரவத்தை அளவோடு கொடுப்பதுதான். அளவு மீறினாலும் கேடு. ஏனெனில் ஓரிரு நாளில் கசிவு நின்று, வெளியேறிய நீர் தானாகவே குழாய்களுக்குத் திரும்புகிறது. அப்போது பி.சி.வி. இறங்கும், பசி எடுக்கும், அடுத்த சில நாட்களில் பிளேட்லெட்டும் தானே ஏறும்.