ஓலையைப் பார்த்து மரத்தைச் சொல்!

குருத்து ஞாயிறன்று நாம் ஏந்திப் பவனி வருவது எந்த மரத்தின் ஓலை? நம் ஊர்க் கோவில்களில் பெரும்பாலும் தென்னங்குருத்து. எருசலேமில் மக்கள் ஏந்திச் சென்றதோ பேரீச்ச ஓலை. இரண்டும் பனைக் குடும்பத்து மரங்களே. ஆயினும் ஒரு சிற்றோலையைக் கையில் எடுத்தாலே வேறுபாடு விளங்கிவிடும்.

இக்குடும்பத்தில் ஏறத்தாழ 2,500 இனங்கள் உள்ளன. குளிர்நாட்டினர் இவற்றை வளர்க்கக் கண்ணாடி வீடு கட்ட வேண்டியிருக்கிறது. இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் 1844 முதல் 1848 வரை இரும்பும் கண்ணாடியும் கொண்டு எழுப்பிய பனை மாளிகை புகழ் பெற்றது. புதுக்கோட்டைச் சீமையிலோ கண்மாய்க் கரையே பனை மாளிகை. நுழைவுக் கட்டணமும் இல்லை!

முதலில் ஓலையின் வடிவைக் காண்க. விசிறிபோல் விரிந்திருந்தால் பனை அல்லது தாளிப்பனை. பனைமட்டையின் இரு விளிம்பிலும் கருக்கு உண்டு. அறியாமல் இழுத்தால் கை கிழியும். தாளிப்பனையின் ஓலை மிகப் பெரியது. அம்மரம் 30 முதல் 80 ஆண்டுகள் வரை வளர்ந்து, ஒரே முறை உச்சியில் பூத்துக் காய்த்து மடிந்துவிடும்.

ஓலை இறகுபோல் இருந்தால் சிற்றோலையின் மடிப்பை நோக்குக. கூரைபோல் கவிழ்ந்திருந்தால் தென்னை அல்லது கமுகு. தோணிபோல் மேல்நோக்கிக் குழிந்திருந்தால் ஈச்சம் அல்லது பேரீச்சு. இவற்றின் மட்டையடியில் சிற்றோலைகள் முள்ளாகவே மாறியிருக்கும். கமுகின் உச்சியில் மட்டைகளின் அடி ஒன்றையொன்று தழுவி வழுவழுப்பான பச்சைக் குழாய்போல் நிற்கும். தென்னையில் அதைக் காண முடியாது.

சிற்றோலை மீன்வால்போல் முனை கிழிந்திருந்தால் அது கூந்தற்பனை. பூங்குலை கூந்தல்போல் நீண்டு தொங்கும். உச்சியில் பூக்கத் தொடங்கிக் கீழ்நோக்கிப் பூத்துவந்து, கடைசிக் குலையோடு மரம் பட்டுப்போகும். அழகுக்காகத் தோட்டங்களில் வைக்கப்படும் இம்மரத்தைத்தான் நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இதன் செந்நிறப் பழங்கள் சிறு பிள்ளைகளின் கண்ணைக் கவரும். சாறு பட்டாலோ கையும் வாயும் தாங்க முடியாமல் அரிக்கும். ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களே அதற்குக் காரணம். கீழ்வகுப்புத் தங்கையருக்கு இதையாவது சொல்லி வையுங்கள்.

ஓலை சொல்லாத செய்தியும் ஒன்றுண்டு. பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. வடலியைப் பார்த்து எது எதுவெனக் கூற இயலாது. பூக்கும்வரை பத்தாண்டுக்கு மேலும் பொறுத்திருக்க வேண்டும். பிறகு, "இது காய்க்காத மரம்" என்று ஆண்பனையை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அதன் மகரந்தம் இன்றிப் பெண்பனையில் நுங்கு ஏது?

ஐயம் எழுந்தால் அறிஞர் நூல் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் இராப்பினாட் ஹெர்பேரியத்தைத் தோற்றுவித்த அருள்தந்தை கே. எம். மத்தேயு, சே.ச., நம் சமவெளித் தாவரங்களை ஆராய்ந்து பெருநூல் வெளியிட்டார். செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிவைப்பது அங்குள்ள வழக்கம். பனையோலை எந்தத் தாளிலும் அடங்காதே! துண்டுகளாக வெட்டி ஒட்டி, முழு ஓலையின் நீளத்தையும் மரத்தின் உயரத்தையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டியதுதான்.