சிறுவாட்டுக் காசும் சித்திரக் கட்டங்களும்

நகரங்கள் இரு வகையாக அழிகின்றன. போரும் நிலநடுக்கமும் விளைவிக்கும் அழிவு ஒரு வகை. அதனை வரலாற்று நூல்கள் தவறாது குறித்து வைக்கின்றன. மற்றொரு வகை அழிவுக்கு நாளும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. தெருமுனையிலிருந்த பொத்தான் கடை ஒரு நாள் திறக்கப்படுவதில்லை. குடை பழுது பார்ப்பவர் அமர்ந்திருந்த படி வெறுமையாகிறது. சில மாதங்களில் அங்கே என்ன இருந்தது என்பதே நமக்கு நினைவிலிருப்பதில்லை. இந்த இரண்டாம் வகை அழிவையே தம் கலைக்குப் பொருளாகக் கொண்டவர் அமெரிக்கச் சித்திரக்காரர் பென் கேட்சர். அவரைப் பற்றி மாணவ நண்பர்களுக்குச் சிறிது கூற விரும்புகிறேன்.

கேட்சர் 1951-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். 1988-இல் அந்நகரத்து வார இதழ் ஒன்றில் ஒரு சித்திரத் தொடரைத் தொடங்கினார். அதன் நாயகன் ஜூலியஸ் க்னிப்பிள். விற்பனைக்கும் வாடகைக்கும் வரும் கட்டடங்களைப் புகைப்படம் எடுத்துக் கொடுத்துப் பிழைப்பவன். அவன் பெயரிலேயே ஒரு பொருள் பொதிந்திருக்கிறது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இட்டிஷ் மொழியில் க்னிப்பிள் என்றால் முடிச்சு. கைக்குட்டையின் முனையில் முடிந்து வைத்த சிறு சேமிப்பையும் அச்சொல் குறிக்கும். நம் பெண்கள் அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைக்கும் சிறுவாடுதான் அது. பெரிய கணக்கில் சேராத சிறு செல்வம்!

பெரிய கணக்கு என்றேன். அதற்கும் நியூயார்க்கிலேயே சான்று உண்டு. 1939 முதல் 1941 வரை, வரி மதிப்பீட்டுக்காக அந்நகரத்தின் ஐந்து பெரும் பிரிவுகளிலும் உள்ள கட்டடங்களை எல்லாம் படம் பிடித்தார்கள். 7 இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள் அவை. சுவர் இருக்கிறது, சன்னல் இருக்கிறது, மனை எண் பொறித்த பலகையும் இருக்கிறது. அந்தச் சன்னலுக்குப் பின்னே ஒருவர் என்ன தொழில் செய்தார், மாலையில் எங்கே காப்பி அருந்தினார் என்பது மட்டும் அவற்றில் இல்லை. க்னிப்பிளும் சுவரைத்தான் படம் பிடிக்கிறான். ஆனால் போகிற வழியில் நின்று கேட்கிறான், கேட்பது கதையாகிறது.

கதை பெரும்பாலும் எட்டு ஒன்பது கட்டங்களுக்குள் முடிந்துவிடும். சாம்பல் நிறச் சாயம் பூசிய, சற்றே சாய்ந்த கோணத்தில் நோக்கும் தெருக்கள். கட்டத்தின் மேல் ஒரு வாசகம் செல்கிறது. உள்ளே மனிதர்கள் வேறெதையோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். காற்றில் பறக்காதபடி செய்தித்தாள் அடுக்கின் மேல் வைக்கும் எடைக்கட்டியைப் போன்ற அற்பப் பொருளே அங்கு ஆராய்ச்சிக்குரியதாகிறது.

இங்கே ஒரு வியப்பு உண்டு. அவர் வரைந்த கடைகளும் நிறுவனங்களும் பெரும்பாலும் கற்பனையே. மக்கள் கண்ட கனவுகளைச் செய்தியாக வெளியிடும் மாலைத் தாள்கூட ஒரு கதையில் வருகிறது. இல்லாத ஒன்றை வரைவது எவ்வாறு நினைவைக் காப்பதாகும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடையாக ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். நியூயார்க்கில் ஆட்டோமேட் என்னும் உணவுச்சாலைகள் இருந்தன. துளையில் நாணயம் இட்டால் கண்ணாடிக் கதவு திறக்கும். உள்ளிருக்கும் பண்டத்தை நாமே எடுத்துக்கொள்ளலாம். அங்கே முதலாவது 1912-இல் திறந்தது. கடைசி 1991-இல் மூடியது. ஆண்டுகளை ஆவணம் சொல்லிவிட்டது. ஒரே கோப்பைக் காப்பியுடன் மூன்று மணி நேரம் அங்கே அமர்ந்திருந்த மனிதனின் மனநிலையை எந்த ஆவணம் சொல்லும்? கேட்சரின் கற்பனை அந்த இடத்தை நிரப்புகிறது என்பதே என் கருத்து.

அதே 1991-இல்தான் அவருடைய முதல் தொகுப்பு வெளிவந்தது. நகரச் சிதைவின் இன்பங்கள் என்பது அதன் துணைத் தலைப்பு. சிதைவில் இன்பமா? கடையை இழந்தவனுக்கு அது துன்பமல்லவா? படிக்குமுன் எனக்கும் இந்த ஐயம் இருந்தது. ஆனால் கேட்சர் பழமையைப் பொன்னாக்கிக் காட்டுபவரல்லர். அவருடைய வணிகர்களிற் பலர் அரைகுறை ஏமாற்றுக்காரர்கள், களைத்தவர்கள், யாருக்கும் தேவையற்ற சரக்கை விற்பவர்கள். அவர்கள் மீது நமக்குப் பரிவு பிறக்கிறது. அந்தக் காலமே திரும்பி வரவேண்டும் என்ற ஏக்கம் பிறப்பதில்லை.

1990-களின் இடையில் இத்தொடர் அமெரிக்கப் பொது வானொலியில் நாடகமாகவும் ஒலித்தது. நடிகர் ஜெரி ஸ்டில்லர் க்னிப்பிளுக்குக் குரல் கொடுத்தார். படமே இல்லாத படக்கதை! 2000-இல் புகழ்பெற்ற மக்கார்தர் நல்கையும் கேட்சருக்குக் கிடைத்தது.

பின்னாளில் அவர் கற்பனைக் கடைகளை விட்டு மெய்யான கடைகளைத் தேடிச் சென்றார். இறைச்சியையும் பாலையும் ஒன்றாக உண்ணலாகாது என்பது யூத சமய விதி. அதனால் இறைச்சியே சமைக்காத பாலுணவு விடுதிகள் நியூயார்க்கில் பல தோன்றின. அவற்றின் வரலாற்றை எழுத்தும் படமுமாக 2020-இல் பெருநூலாக வெளியிட்டார். 1905-இல் தொடங்கி, பாலாடைக்கட்டி பொதிந்த மெல்லிய அப்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பரிமாறிய ராட்னர்ஸ் விடுதியும் அவ்வகையைச் சேர்ந்ததே. அது 2002-இலேயே மூடப்பட்டுவிட்டது.