நைல் நதியில் நானும் என் மாமியாரும்

"ஏம்மா, கல்லைப் பார்க்க இத்தனை தூரம் போகணுமா? நம்ம ஊர்க் கோயில்ல இல்லாத கல்லா?"

எகிப்துப் பயணம் என்றதும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி இதுதான். டிக்கெட் வாங்கிக் கொடுத்தது வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகன். கடைசி நேரத்தில் என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீயும் அம்மாவும் போயிட்டு வாங்க" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். மாமியாருக்கு 74 வயது, முழங்கால் வலி. எனக்கோ அவரிடம் 28 வருஷமாக ஒரு மனத்தாங்கல். அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்படி இரண்டு பேர் ஐந்து நாள் ஒரே கேபினில்! எப்படி இருக்கப் போகிறதோ என்று பயந்துகொண்டேதான் கிளம்பினேன்.

மிதக்கும் வீடு

லக்ஸரிலிருந்து அஸ்வான் வரை சுமார் 200 கிலோமீட்டர் ஆற்றுப் பயணம். நைல் நதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. நாங்கள் போனது தெற்கே, அதாவது ஆற்றை எதிர்த்து. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. அதனால் அந்தக் காலத்தில் பாய் விரித்தால் படகு எதிர்நீரில் மேலே போகும்; பாயைச் சுருட்டினால் ஆற்றோடு கீழே வரும். அந்த நாட்டுக்குச் சாலையும் வண்டியும் இந்த ஆறுதான்!

எங்கள் கப்பலில் மூன்று தளங்கள், மேலே மொட்டை மாடி. கரையில் பல கப்பல்களை ஒன்றை ஒன்று ஒட்டிக் கட்டி விடுகிறார்கள். கரைக்குப் போக வேண்டுமானால் பக்கத்துக் கப்பல்களின் வரவேற்பறை வழியாகவே நடந்து போக வேண்டும். "ஒண்டுக் குடித்தனம் மாதிரியில்ல இருக்கு!" என்று மாமியார் சிரித்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது.

சாப்பாட்டைப் பற்றிப் பயமே வேண்டாம். ஃபூல் என்று மொச்சை போன்ற பயறை மசித்து எண்ணெய் விட்டுத் தருகிறார்கள். அதே பயறை அரைத்துப் பொரித்தது தாமியா. நம் மசால் வடைக்குத் தங்கை என்றே சொல்லலாம். கர்கதே என்ற சிவப்புப் பானம் புளிச்சக்கீரை இனத்துச் செடியின் காய்ந்த இதழ்களில் செய்வது. மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல கொஞ்சம் உப்பும் மிளகும் போட்டா ரசம்" என்றார்.

முதல் நாள் கர்னாக் கோயில். அதன் பெரிய மண்டபத்தில் மட்டும் 134 தூண்கள்! அண்ணாந்து பார்த்துக் கழுத்தே வலித்துவிட்டது. எங்கள் குழுவின் வழிகாட்டி ஓர் எகிப்தியப் பெண். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் மாமியாருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வயிற்றுப் பிள்ளைக்காரி ராணி

இரண்டாம் நாள் காலை ஆற்றின் மேற்குக் கரை. அங்கே ஹட்ஷெப்சுட் கோயில். கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் சுமார் 20 ஆண்டுகள் எகிப்தை ஆண்டவள் இந்தப் பெண். அவள் காலத்துக்குப் பின் அவள் உருவங்களையும் பெயரையும் பல இடங்களில் செதுக்கி எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கோயில் நிற்கிறது.

அங்கே ஒரு சுவரில் அவளுடைய பிறப்பைப் பற்றிய சிற்பங்கள். அவள் தாய் நிறைமாத கர்ப்பிணியாக, இரண்டு பக்கமும் தெய்வங்கள் கையைப் பிடித்துக்கொள்ள, பிரசவத்துக்கு நடந்து போகிறாள். ஒரு பக்கம் ஆட்டுக்கிடா முகமுள்ள க்னூம். மறுபக்கம் தவளை முகமுள்ள ஹெக்கெட், பிரசவ காலத்துத் தேவதை. குட்டையான பெஸ், நீர்யானை உருவத்துத் தாவெரெட் என்று தாயையும் சேயையும் காக்க இன்னும் சில தெய்வங்களும் அவர்களுக்கு உண்டு. அத்தனை காவல் எதற்கு? பிரசவம் என்றால் அத்தனை பயம் இருந்திருக்கிறது!

மாமியார் அந்தச் சுவரை வெகு நேரம் பார்த்தார். "கையைப் பிடிச்சு அழைச்சிட்டுப் போறாங்க, பாரேன்" என்று மட்டும் சொன்னார்.

பெயர் இல்லாத இரண்டு குழந்தைகள்

அடுத்தது அரசர்களின் பள்ளத்தாக்கு. 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறைக்குள் இறங்கினோம். ஏறத்தாழ 19 வயதில் இறந்த பையன் அரசன். அவன் உடல் இன்னமும் அங்கேதான், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தங்க முகமூடியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வழிகாட்டிப் பெண் சொன்ன இன்னொன்று எனக்குத் தெரியாது.

அரசனை வைத்திருந்த அறையை அடுத்த சிறிய அறையில் ஒரு சாதாரண மரப்பெட்டி இருந்ததாம். அதற்குள் இரண்டு குட்டிச் சவப்பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொரு குட்டிப் பெட்டி. அவற்றுக்குள் பிறக்காமலே போன இரண்டு சிசுக்கள். ஒன்று சுமார் ஐந்து மாதம், மற்றது ஏழு மாதத்தைத் தாண்டியது. இரண்டையும் பக்குவமாகப் பதப்படுத்தித் துணி சுற்றியிருந்தார்கள். அரசனின் பெண் குழந்தைகளாக இருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 28 வருஷத்துக்கு முன்னால் என் முதல் குழந்தையும் ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள், முகத்தைக்கூடக் காட்டவில்லை. வீட்டுக்கு வந்த அன்று மாமியார், "நடந்ததை மறந்துடு, இனிமே அதைப் பத்திப் பேசாதே" என்றார். அந்த ஒரு சொல்தான் என் மனத்தாங்கல்.

"என்ன சொல்றா அந்தப் பொண்ணு?" என்று மாமியார் கேட்டார். தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

"அதுங்களுக்கு என்ன பேர் வச்சிருந்தாங்களாம்?"

"பேர் எழுதலையாம், அத்தை. பெட்டியில 'ஓசிரிஸ்'னு மட்டும்தான் இருந்ததாம். செத்தவங்க எல்லாருக்கும் பொதுவா எழுதற பேராம்."

அவர் ஒன்றும் பேசவில்லை. மேலே ஏறி வரும்போது முழங்கால் வலியையும் மறந்து என் கையை இறுகப் பிடித்திருந்தார்.

மொட்டை மாடியில்

மத்தியானம் கப்பல் புறப்பட்டது. இரு கரையிலும் பேரீச்ச மரங்கள், கரும்புத் தோட்டங்கள்; அதற்கு அப்பால் உடனே வெறும் பாலைவனம். எஸ்னா என்ற இடத்தில் மதகுக்காகக் காத்திருந்தோம். சின்னப் படகுகளில் வியாபாரிகள் வந்து, துண்டையும் அங்கியையும் பையில் போட்டு மேல் தளத்துக்கு வீசுகிறார்கள்! பிடித்திருந்தால் அதே பையில் பணத்தைப் போட்டுத் திருப்பி வீச வேண்டும். ஒரே கூச்சல், சிரிப்பு.

அது அடங்கிய பிறகு மாமியார் மெள்ளப் பேசினார்.

"எனக்கும் மொதல்ல ஒண்ணு தங்கலை. பத்தொன்பது வயசு அப்ப. உன் வீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியாது. நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். மூஞ்சி ஞாபகமில்லை. காது மட்டும் ஞாபகம் இருக்கு, அவ்வளவு சின்னக் காது. மறந்துடுன்னு என் மாமியார் சொன்னாங்க. எனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் நான் உனக்குச் சொன்னேன். தப்பும்மா."

இருவரும் அழுதோம். பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

"உன் பொண்ணுக்கு என்ன பேர் வைக்கறதா நினைச்சிருந்தே?"

சொன்னேன். 28 வருஷத்தில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மடியில் குழந்தை

மூன்றாம் நாள் காலை எட்ஃபு, குதிரை வண்டியில் சவாரி. மாலை கோம் ஓம்போ. அங்கே ஆற்றுநீரின் உயரத்தை அளக்க ஒரு கிணறு இருக்கிறது. வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று பார்த்து விளைச்சலைக் கணித்து வரி போடுவார்களாம்! அஸ்வான் பெரிய அணை 1970-இல் முடிந்த பிறகு அந்த வருடாந்திர வெள்ளம் நின்றுவிட்டது.

நான்காம் நாள் அஸ்வானில் ஃபிலே கோயில், ஐஸிஸ் தேவியின் இடம். அணைகளால் கோயில் தண்ணீரில் மூழ்கியது. யுனெஸ்கோ உதவியோடு 1972 முதல் 1980 வரை அதைச் சுமார் 40 ஆயிரம் துண்டுகளாகப் பிரித்து, பக்கத்திலிருந்த உயரமான தீவில் மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். அங்கே பிறப்பு மாளிகை என்றே தனியாக ஒரு கட்டடம். அதன் சுவரில், நாணல் காட்டுக்குள்ளே ஐஸிஸ் குழந்தை ஹோரஸை ஏந்தியிருக்கிறாள்.

மாமியார் அதன் எதிரே கல்லில் உட்கார்ந்து, இரண்டு பெயர்களை மெதுவாகச் சொன்னார். ஒன்று என் மகளுடையது. மற்றது அன்றுதான் நான் கேட்ட பெயர்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. கோடையில் வெயில் தாங்காது. மூடிய பாட்டில் தண்ணீரையே குடியுங்கள். மூட்டுவலிக்காரர்கள் கைத்தடியும், பழகிய செருப்போ ஷூவோ கொண்டு போங்கள். கோயில்களை அதிகாலையில் பார்த்துவிட்டு மத்தியானம் ஓய்வெடுங்கள். தினசரி மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு யோசனையும் உண்டு. இதற்கு எகிப்து வரை போக வேண்டாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பெண்ணுக்குக் குழந்தை தங்காமல் போனால், "மறந்துடு" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் அவள் வாடினால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊர் திரும்பியதும் என் கணவர், "என்னம்மா பார்த்தே எகிப்துல?" என்று கேட்டார்.

"உட்காருடா, சொல்றேன். உனக்கு ஒரு அக்கா இருந்தா" என்று ஆரம்பித்தார் மாமியார். நான் காபி போட எழுந்து போனேன்.