கல்லைப் பார், கைகளையும் பார்!

விழுப்புரம் சந்திப்பிலே ஐந்து பக்கம் இருப்புப்பாதை பிரிகிறது. திண்டிவனத்திலே நின்றால் சென்னைக்கு ஒரு சாலை, செஞ்சிக்கு ஒரு சாலை, புதுவைக்கு ஒரு சாலை. வருகிறோம், வண்டி மாறுகிறோம், போகிறோம். போகிற வழியிலே இருக்கிற ஊர்கள் என்றே இவ்விரண்டையும் எண்ணிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தால் நாம் இழந்தது யாது? அதைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

கலை என்ற பேச்சை எடுத்தால் நம்மிலே பலர் ஒதுங்கி நிற்கின்றனர். "அதெல்லாம் படித்தவர் சங்கதி, நமக்கேன்?" என்கின்றனர். வியப்பாக இருக்கிறது நமக்கு! இதே மக்கள்தாம் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்துவிட்டு, காலையிலே தேநீர்க் கடையில் தீர்ப்பு வழங்குகின்றனர். "துரியோதனனுக்குக் குரல் கணீர், அடவுதான் போதாது. கட்டியங்காரன் மட்டும் இல்லையென்றால் தூங்கியே போயிருப்போம்!" குரல், அடவு, ஒப்பனை, கதை என்று பிரித்துப் பார்த்து, பிறகு சேர்த்துப் பார்த்து, மதிப்பு உரைக்கிறார்களே, அதற்குப் பெயர்தான் கலைச்சுவை. கல்லூரியிலே பாடமாக வைத்துப் பட்டம் தருகிறார்களே, அந்தக் கல்விக்கும் அரிச்சுவடி இதுதான். கூத்திலே காட்டும் கூர்மையைக் கல்லிலும் காட்டுவோம், வாருங்கள்!

முதற் கேள்வி: எதனால் செய்தார்கள்?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் அது. பல்லவர் குடைந்தவற்றுள் முதலாவது என்று கருதுவர் அறிஞர் பலர். இரண்டு தூண்கள் — கீழே சதுரம், நடுவே எட்டுப் பட்டை, மேலே மீண்டும் சதுரம். இரு ஓரங்களிலும் வாயிற்காவலர். உள்ளே மூன்று அறைகள். அங்கே உள்ள கல்வெட்டு என்ன கூறுகிறது? செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை — இவை எதுவுமின்றி விசித்திரசித்தன் இதை ஆக்கினான் என்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர். நான்கு 'இல்லை'களை நெஞ்சு நிமிர்த்திச் சொன்ன மன்னன் அவன்! மரம் கரையானுக்கு இரையாகும், செங்கல் உதிரும், உலோகம் துருவேறும், இல்லையேல் களவு போகும். பாறையோ நிற்கும். பொருளைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதிக் கலை இருக்கிறது என்று இதனால் அறிகிறோம்.

இரண்டாவது கேள்வி: ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டால் என்ன தெரிகிறது?

அருகிலேயே இருக்கிறது தளவானூர். அதே மகேந்திரன், அதே குடைவரை. ஆனால் இங்கே முகப்பின் மேலே வளைந்து நிற்கிறது மகரதோரணம். அங்கே எளிமை, இங்கே அணி! ஒன்றை மட்டும் பார்ப்பவன் "நன்றாக இருக்கிறது" என்பான். இரண்டையும் பார்ப்பவனோ "ஏன் மாறியது?" என்பான். அந்த 'ஏன்' பிறந்த இடத்திலேதான் கல்வி பிறக்கிறது.

மூன்றாவது கேள்வி: கோடும் வண்ணமும் என்ன பேசுகின்றன?

நூறாண்டு கழித்து வருகிறான் இராசசிம்மன். பாறையைக் குடையாமல், வெட்டிய கல்லை அடுக்கிப் பனைமலையிலே எழுப்புகிறான் தாளகிரீசுவரர் கோயிலை. அதன் சிற்றறை ஒன்றின் சுவரிலே ஓர் ஓவியம். தலையிலே மகுடம், மேலே குடை, ஒரு கால் மடித்து ஒசிந்து நிற்கிறாள் பெண்ணொருத்தி. இறைவன் ஆடுவதைக் காணும் உமை என்பர் அறிஞர். ஆடுகிறவன் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. காண்கிறவள்தான் எஞ்சி நிற்கிறாள். அந்த ஒசிவிலே ஆட்டத்தின் தாளத்தை நாம் உணர்கிறோமே, கோடு செய்த வேலை அது! நம்புகிறவர் வணங்கட்டும், நம்பாதவர் வியக்கட்டும். இருவருக்கும் இடம் உண்டு அந்தச் சுவரின் முன்னே.

திண்டிவனத்திலிருந்து மேற்கே போனால், செஞ்சியருகே திருநாதர்குன்று. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர், பன்னிருவர் பன்னிருவராய் இரு வரிசை. அத்தனை பேரும் ஏறத்தாழ ஒரே அமர்வு. சிற்பிக்குக் கற்பனை வறட்சியா? அல்ல, அல்ல! அசையாமைதான் அங்கே சொல்ல வந்த கருத்து. பனைமலையிலே ஒசிவு பேசுகிறது, இங்கே அமைதி பேசுகிறது. சொல்ல வந்ததற்கேற்ற வடிவம் — இதை உணர்ந்துவிட்டால் சமணர் சிற்பமும் நமக்குப் புரியும், அயல்நாட்டு ஓவியமும் புரியும்.

நான்காவது கேள்விதான் நம் நெஞ்சைக் குடைகிறது: யார் செய்தார்கள்?

மண்டகப்பட்டுக் கல்வெட்டிலே மன்னன் பட்டப்பெயர் இருக்கிறது. உளி பிடித்தவன் பெயர்? இல்லை! செங்கல் இல்லை, மரம் இல்லை என்று பட்டியல் போட்ட அந்தக் கல்லிலே, பட்டியலில் சேராத ஐந்தாவது 'இல்லை' அது. கல்லைப் பார்க்கையிலே கைகளையும் பார்க்க வேண்டும் நாம். அந்தக் கைவழி இன்றும் அற்றுவிடவில்லை. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த உளிக்காரரின் பெயரையாவது நாம் கேட்டு அறிந்தோமா?

2025-ல் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மகிழ்கிறோம்! ஆனால் கோட்டை மதில் வலியது. பனைமலையின் சுண்ணப் பூச்சோ மெலியது. உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். இத்தாலியின் மிலான் நகரிலே லியோனார்டோ தீட்டிய 'இறுதி விருந்து' அவர் வாழ்நாளிலேயே உதிரத் தொடங்கியது. 20 ஆண்டுக்கு மேல் நுணுக்கமாகப் பாடுபட்டு, 1999-ல் சீரமைப்பை முடித்தனர். பார்க்க மக்கள் இருந்தனர், ஆகவே காக்கவும் ஆள் கிடைத்தனர். நம் பனைமலைப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும்தான். அவற்றால் மட்டும் ஆகாது. சுவரிலே பெயர் கீறும் கையை, தாளிலே படம் வரையும் கையாக மாற்ற வேண்டும். ஆசிரியப் பெருமக்களே! விழுப்புரத்துப் பிள்ளைகளை, திண்டிவனத்துப் பிள்ளைகளை, ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள். ஆளுக்கொரு தாள், ஒரு பென்சில், இந்த நான்கு கேள்விகள் — இவை போதும். விடை தவறினாலும் குற்றமில்லை. ஒரு சிறுவன் அந்தத் தூணைத் தடவிப் பார்த்து, "இதைச் செய்தவர் பேர் என்ன, ஐயா?" என்று கேட்டுவிட்டால், அன்றைய பாடம் முடிந்தது என்று மணி அடித்துவிடலாம்!